உதைக்கிற கணக்கு

புதுவயல் பேரூராட்சி,
ஆறாவது வார்டுக்கு மூன்று மனுக்கள்.
பரிசீலனைக்கு நான் உட்கார்ந்தபோது மணி பதினொன்று.
ஆலைகளின் உமித்தூசி
ஜன்னல் வழியாக வந்து
எல்லா உறுதிமொழிப் பத்திரங்கள் மேலும்
கட்சி பார்க்காமல் படிந்தது.

முதல் மனு வெள்ளையப்பன்.
பேரில் இரண்டு வழக்கு, நிலுவை.
நிலுவை என்றால் தகுதி.
தண்டனை விழுந்தால்தான் நான் பேனாவைத் திறக்கலாம்.
ஏற்கப்பட்டது.

அடுத்து லாரி அடைக்கலம்.
பேரூராட்சிக்குக் குப்பை அள்ளிய ஒப்பந்தம்
மார்ச்சோடு முடிந்ததென்று ரசீது நீட்டினார்.
முடிந்துதான் இருந்தது. ஏற்கப்பட்டது.

மூன்றாவது சிகப்பி.
கேட்ட சின்னம் சீப்பு,
இல்லாவிட்டால் தண்ணீர்க் குழாய்.
ஒரு கட்டத்தையும் காலியாக விடாத மனு.
மற்ற இருவரும் கோடு கிழித்திருந்த இடங்களில்
'பொருந்தாது' என்று
எழுத்துக் கூட்டி எழுதியிருந்தார்.

வெள்ளையப்பனின் வக்கீல் எழுந்தார்.
பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து ஒரு தீர்ப்பு நகல்.
சிவகங்கைக் கோர்ட், தொண்ணூற்றேழாம் வருடம்:
மேற்படி சிகப்பி சித்த சுவாதீனம் இல்லாதவர்.

பங்காளிகள் போட்ட வழக்கு.
ஏழு புள்ளிக்கும் பொதுவான நெற்களத்தை
ஆலைக்காரருக்கு விற்க
ஆறு கையெழுத்து விழுந்துவிட்டது.
ஏழாவது இவருடையது. மறுத்தார்.
காரணம் தீர்ப்பின் மூன்றாம் பக்கத்திலேயே இருக்கிறது:
“கணக்கு உதைக்கிறது என்று
எதிர்மனுதாரர் திரும்பத் திரும்பச் சொல்கிறார்.
வேறு பதில் சொல்வதில்லை.”

அரசியலமைப்பின் அந்த வரி எனக்கு மனப்பாடம்.
பரீட்சைக்குப் படித்தபோது
அடிக்கோடுகூடப் போடவில்லை,
அவ்வளவு நியாயமாக இருந்தது:
தகுதியுள்ள நீதிமன்றம் அவ்வாறு அறிவித்து
அந்த அறிவிப்பு நிலைத்திருந்தால்.
நிலைத்திருந்தால்.
இருபத்தேழு வருடமாக அது
யாரோ ஒருவர் பீரோவில்
நின்றுகொண்டே இருந்திருக்கிறது,
கால் வலிக்காமல்.

“ரத்து பண்ணாம விட்டுட்டீங்களேம்மா” என்றேன்.
“வக்கீல் வைக்கப் போனேன்.
வக்காலத்துல கையெழுத்துப் போட
சித்தம் சரியா இருக்கணுமாம்.”
பின்னால் யாரோ சிரித்தார்கள்.
அவர் கண்ணாடியைக் கழற்றி
முந்தானையில் துடைத்தார்.

நிராகரிப்பு ஆணையை நானே தட்டச்சு செய்தேன்.
நகலை நின்றபடியே படித்தார்.
“தம்பி, கணக்கு உதைக்குது.
மனுவுல எனக்கு வயசு அறுபத்திரண்டு,
நீங்க அறுபத்தொண்ணு போட்டிருக்கீங்க.
டெபாசிட்டைத் திருப்பித் தரணுங்கிற வரியையும் காணோம்.”
இரண்டும் சரி.
அடித்தேன், திருத்தினேன், சுருக்கொப்பம் வைத்தேன்.
சித்தம் சரியில்லை என்று சொல்லும் தாளில்
அவர் கண்டுபிடித்த பிழைக்கு
என் ஒப்பம்.

போகவில்லை.
“ஓட்டர் லிஸ்ட்டுல நானூத்திப் பன்னெண்டு நான்.
அதையும் அடிக்கணும்ல?
பைத்தியத்துக்கு ஓட்டு உண்டா?”
வக்கீல் வெள்ளையப்பனைப் பார்த்தார்.
வெள்ளையப்பன் மின்விசிறியைப் பார்த்தார்.
“யாரும் மனுக் கொடுக்கலையேம்மா” என்றேன்.
பெயர் நீக்கும் படிவம் ஒன்று கேட்டு வாங்கி
வெள்ளையப்பன் முன்னால் வைத்து
பேனா மூடியையும் கழற்றி வைத்தார்.

படிவத்துக்குக் காலம் கடந்துவிட்டதை
நான் சொல்லவில்லை.
வெள்ளையப்பன் எழுதவில்லை.
போன தடவை அவர் தோற்றது
மூன்று ஓட்டில்.

அந்த வாரக் கடைசியில்
கும்பிட்ட கையும் நோட்டீசுமாக
சிகப்பி வீட்டு வாசலில் நின்றாராம்.
அவர் என்ன சொல்லி அனுப்பினார் என்பதை
ஊரில் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள்.
இரண்டையும் நான் நம்பவில்லை.

வாக்குப்பதிவு அன்று பூத் சுற்றி வந்தபோது பார்த்தேன்.
மை வைத்த விரலை
வெயிலில் நீட்டிக் காயவைத்தபடி
படியிறங்கிக்கொண்டிருந்தார்.
என்னைக் கண்டதும் நின்றார்.
“டெபாசிட் இன்னும் வரல” என்றார்.